முதலில் அந்த ஏ.டி.எம். கார்டைத் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனம் ஒன்றில் மூன்று வருடமாகச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். 38 வீடுகள் என் பொறுப்பு. ராத்திரி பத்து மணிக்கும் போன் வருகிறது. என் பிள்ளைக்குச் சோறு ஊட்ட நேரமில்லை, மாமியார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு வீட்டில் அறிவுசார் குறைபாடுள்ள தம்பி, 26 வயது, குழந்தை மாதிரி. அவனுடைய அண்ணன் குடிகாரர். உதவித்தொகை 2,000 ரூபாயைப் பிடுங்கிவிடுவார் என்று ஏ.டி.எம். கார்டுகூட என்னிடம்தான் இருக்கிறது. நான்தான் மாதாமாதம் எடுத்துக் கொடுக்கிறேன். இவ்வளவு செய்தும் அவர்களுடைய அம்மா என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. வேலையை விட்டுவிடலாமா?
- வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: வேலையை விடுவது இருக்கட்டும். 'ஏ.டி.எம். கார்டுகூட' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த 'கூட' என்னைத் தூக்கிவாரிப் போட்டது. பெருமையாகச் சொன்னாலும் சலிப்பாகச் சொன்னாலும் தப்பு தப்புதான்.

1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு அறிவுசார் குறைபாடுள்ளவருக்கு ஒருவரைக் காப்பாளராக நியமித்தால், அவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் கொடுக்க வேண்டும். காப்பாளர் சொந்த அண்ணனாகவே இருந்தாலும் இதுதான் விதி. எந்த உத்தரவும் இல்லாத நீங்கள் யாரிடம் கணக்குக் கொடுக்கிறீர்கள்? நாளைக்கு அந்த அண்ணன் டீக்கடையில் நின்று, 'எங்க தம்பி பணத்தை அந்தப் பொம்பளைதான் எடுக்குது' என்றால் காட்ட ஒரு ஸ்லிப் உண்டா? கேமராவில் இருப்பது உங்கள் முகம்.

26 வயது ஆள் குழந்தை அல்ல. தன் பணத்தைத் தானே நிர்வகிக்கும் உரிமை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 13-ஆவது பிரிவில் அவருக்கு இருக்கிறது. துணைக்கு வருபவரை மாற்றவும் வேண்டாமென்று சொல்லவும்கூட அவருக்கு உரிமை உண்டு. ஒரு தடவையாவது அவரைக் கேட்டீர்களா? அம்மா ஏன் பேசவில்லை என்கிறீர்கள். தன் வீட்டுப் பணத்தை மாதாமாதம் வெளியாள் கையிலிருந்து வாங்குகிறவர் எப்படிச் சிரித்துப் பேசுவார்?

இந்த வாரமே உங்கள் மேலதிகாரிக்கு நடந்ததை எழுதிக் கொடுங்கள். பாஸ்புக்கில் பதிவு போட்டு, எந்த மாதம் எவ்வளவு எடுத்தீர்கள் என்று தாளில் எழுதி, மேலதிகாரியை வைத்துக்கொண்டு அம்மாவுக்கும் மகனுக்கும் வாசித்துக் காட்டுங்கள். கார்டைக் கொடுத்த தேதியோடு அவர்களிடம் கையெழுத்தோ ரேகையோ வாங்குங்கள். அன்றைக்கே ரகசிய எண்ணை மாற்ற வேண்டும். புது எண் உங்களுக்குத் தெரியக் கூடாது. மெஷின் பக்கத்தில் அம்மா நிற்கட்டும், நீங்கள் கதவுக்கு வெளியே.

பிறகு அந்தத் தம்பிக்குப் பணம் எடுக்கக் கற்றுக்கொடுங்கள். கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். முதலில் மற்ற எல்லாவற்றையும் அம்மா செய்ய, வெளியே வரும் நோட்டை எடுப்பது மட்டும் அவர் வேலை. அது கைவந்ததும் தொகையை அழுத்துவது, ரகசிய எண் கடைசியில். எண் பலகையை அட்டையில் வரைந்து வீட்டில் பழக்குங்கள். கால்குலேட்டரில் பழக்காதீர்கள், அதில் 7, 8, 9 மேலே இருக்கும், ஏ.டி.எம்.மில் 1, 2, 3 மேலே. எப்போதும் ஒரே மெஷின், அதுவும் கூட்டமில்லாத நேரம். பின்னால் வரிசை நின்றால் பதறுவார், தாமதமானால் மெஷின் தானாக ரத்து செய்யும், பணம் போய்விட்டதென்று அழுவார். 500 ரூபாய் அடித்தால் ஒரே நோட்டும் வரலாம், ஐந்து நூறும் வரலாம். இரண்டும் ஒன்றுதான் என்று வீட்டிலேயே காட்டி வையுங்கள். எண்ணை இரண்டு தடவை தப்பாக அடித்துவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். மூன்றாவது தப்பில் கார்டு முடங்கிவிடும்.

2,000 ரூபாயை மொத்தமாக எடுப்பதால்தான் அண்ணனுக்குத் தேதி தெரிகிறது. வாரம் 500 எடுத்தால் பிடுங்க அவ்வளவாக எதுவும் இருக்காது. ஒரு நாளில் எடுக்கும் உச்சவரம்பைக் குறைக்கச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுக்கலாம்.

இப்போது அந்த அண்ணன். குடிகாரர் என்று ஒரே வார்த்தையில் அவரைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டீர்கள். கூடப் பிறந்தவனைக் கடமையிலிருந்து விடுவிக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அம்மாவுக்குப் பிறகு அந்தக் கூரைக்கு அடியில் இருக்கப்போவது அவரும் தம்பியும்தான். திட்ட நிதி நின்றால் நீங்கள் வேறு ஊரில் இருப்பீர்கள். காலை ஏழு மணிக்கு, குடிக்காத நேரத்தில் போய் அவரிடம் பேசுங்கள். பணம் சம்பந்தமில்லாத ஒரு வேலையை அவர் பொறுப்பில் விடுங்கள்: ஞாயிற்றுக்கிழமை தம்பியை முடிவெட்டக் கூட்டிப் போவது, முகாமுக்குக் கூட்டி வருவது. முதல் மாதம் செய்ய மாட்டார். திரும்பப் போங்கள். அதன் பிறகும் அடித்துப் பிடுங்கினால், அதே 2016 சட்டத்தின் 7-ஆவது பிரிவில் நிர்வாக நடுவருக்கு யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம். ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸில் தேதி, தொகையோடு மனு எழுதிக் கொடுங்கள். கொடுக்கப்போகிறேன் என்பதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

மாமியார் கோபம் நியாயமானது. பெற்ற பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது உங்கள் கடமை. அடுத்த வீட்டு அண்ணனின் கடமையை இழுத்துப் போட்டுக்கொண்டு அதை விட்டுவிட்டீர்கள். ஒரு வீட்டுக்குப் பணப்பெட்டியாக இருப்பவர் மற்ற 37 வீட்டுக்கும் என்னவெல்லாமாக இருக்கிறீர்களோ! ராத்திரி போன் வராமல் என்ன செய்யும்?

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கைப்பையைக் கீழே கொட்டிப் பாருங்கள். இன்னும் யார் யாருடைய பாஸ்புக், அடையாள அட்டை, ரேஷன் கார்டு விழுகிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். வேலையை விடுவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.