கேள்வி நேரம்: சுகாதாரச் செலவு ஏறுகிறது, வரிசை ஏன் குறையவில்லை?

ஒவ்வொரு பட்ஜெட்டிலும் "சுகாதார அமைச்சுக்கு இதுவரை இல்லாத ஒதுக்கீடு" என்கிறார்கள். பொது மருத்துவமனை வரிசையோ அப்படியே இருக்கிறது. பணம் எங்கே போகிறது?
– வாசகர், பட்டர்வொர்த்

மலேசியச் சுகாதார அமைச்சின் ஒதுக்கீடு ஏறியது உண்மைதான். 2020இல் 30.6 பில்லியன் ரிங்கிட்டாக இருந்தது, 2021இல் 31.9, 2022இல் 32.4, 2023இல் 36.3, 2024இல் 41.2, 2025இல் 45.3, 2026இல் 46.5 பில்லியன் என்று உயர்ந்திருக்கிறது. ஆறே ஆண்டில் பாதிக்கு மேல் கூடுதல். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு என்ன ஏற்றம் என்று பாருங்கள். 2023இல் சுமார் 12 விழுக்காடு, 2024இல் 13, 2025இல் 10. 2026இல் மூன்றைக்கூடத் தொடவில்லை. விலைவாசி ஏறும் நாட்டில் எந்த ஆண்டுத் தொகையும் 'இதுவரை இல்லாத தொகை'யாகத்தான் இருக்கும். அந்த வாசகத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த ஏற்றத்தை முதலில் விழுங்குவது சம்பளம். அரசு ஊழியர்களில் பெரும்பாலோருக்கு 2024 டிசம்பரில் 8 விழுக்காடும் 2026 ஜனவரியில் 7 விழுக்காடும் உயர்வு கிடைத்தது. அமைச்சின் செலவில் பாதி சம்பளம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 7 விழுக்காட்டு உயர்வு மட்டுமே மொத்தச் செலவை மூன்றரை விழுக்காடு தூக்கிவிடும். 2026க்கான கூடுதல் பணமோ அதைவிடக் குறைவு. உயர்வு தாதிக்கும் மருத்துவருக்கும் நியாயமாகச் சேர வேண்டியதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே ஆள், அதே எண்ணிக்கை, சம்பளம் மட்டும் கூடுதல் என்றால் வரிசை நகராது.

அடுத்தது மருந்தும் கருவியும். இவற்றில் பெரும்பகுதி இறக்குமதி. 2024 தொடக்கத்தில் ஒரு டாலர் 4.80 ரிங்கிட்டை நெருங்கியபோது, அதே அளவு பொருளுக்கே அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. புதுக் கட்டடத்துக்குப் பணம் மேம்பாட்டுச் செலவிலிருந்து வரும். அதில் வேலை செய்ய நிரந்தரப் பதவிகளுக்குப் பொதுச் சேவைத் துறை தனியாக ஒப்புதல் தர வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் வராவிட்டால் கட்டில் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். 2016 இறுதியிலிருந்து புது மருத்துவர்களை ஒப்பந்தத்தில் எடுக்கத் தொடங்கியதும், 2021 ஜூலையில் ஒப்பந்த மருத்துவர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்ததும் இந்தச் சிக்கலோடு சேர்ந்தவை.

இந்தக் கணக்கை நானே பார்க்க முடியுமா?
– வாசகி, செந்தூல்

முடியும். நிதி அமைச்சின் பட்ஜெட் இணையப் பக்கத்தில் கூட்டரசுச் செலவு மதிப்பீட்டு நூல் மலாயில் இருக்கிறது. சுகாதார அமைச்சின் எண் 42. நிர்வாகச் செலவும் மேம்பாட்டுச் செலவும் தனித்தனியாக, இரண்டுமே அந்த எண்ணில் வரும். பத்திரிகையில் வரும் தொகை இரண்டின் கூட்டு. நிர்வாகச் செலவுப் பகுதியில் 10000 என்ற வரிசை சம்பளம், 20000 சேவையும் பொருள் வாங்கலும் (மருந்து இதில்தான் வரும்), 30000 சொத்து, 40000 மானியம்.

ஒப்பிடும்போது மதிப்பீட்டை மதிப்பீட்டோடும், உண்மையில் செலவானதை உண்மையில் செலவானதோடும் வையுங்கள். சென்ற ஆண்டின் உண்மைச் செலவை இந்த ஆண்டின் மதிப்பீட்டோடு ஒப்பிட்டு "வெட்டிவிட்டார்கள்" என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஆண்டு நடுவில் கூடுதல் ஒதுக்கீட்டு மசோதா வந்து தொகை மாறிப்போயிருக்கலாம்.

2020 முதல் 2022 வரையிலான எண்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கோவிட் செலவுக்குத் தனி நிதி இருந்தது. தடுப்பூசிக்குத் தேசிய அறக்கட்டளை நிதியிலிருந்தும் எடுக்க 2021இல் அவசரச் சட்டம் போட்டார்கள். அமைச்சின் ஒதுக்கீட்டை மட்டும் பார்த்தால் பெருந்தொற்றுக் காலத்தில் அரசு கையை இறுக்கிக்கொண்டது போலத் தோன்றும்.

மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் இந்தத் தொகையில் அடக்கமா?
– வாசகர், பெட்டாலிங் ஜெயா

இல்லை. அது உயர்கல்வி அமைச்சின் கீழ் வருகிறது. செராஸிலுள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனையும் அப்படியே. இராணுவ மருத்துவமனைகள் தற்காப்பு அமைச்சோடு சேர்ந்தவை. பினாங்கு மருத்துவமனை, செபராங் ஜெயா, சுங்கை பூலோ எல்லாம் சுகாதார அமைச்சுக்கு உரியவை.

மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காடு என்கிறார் ஒருவர், 2 என்கிறார் இன்னொருவர். எது சரி?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

இரண்டும் சரியாக இருக்கலாம், அளப்பது வேறு வேறு. அமைச்சின் ஒதுக்கீடு மட்டும் என்றால் 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல். தேசியச் சுகாதாரக் கணக்கு பல்கலைக்கழக மருத்துவமனைகளையும், தனியார் மருத்துவமனையில் நாம் கட்டும் பில்லையும், காப்புறுதி கொடுப்பதையும் சேர்க்கும். அப்போது 5ஐ ஒட்டி வரும். விழுக்காடு ஏறினால் உடனே மகிழவும் வேண்டாம். 2020இல் பொருளாதாரமே சுருங்கியதால் செலவு கூடாமலேயே விழுக்காடு உயர்ந்திருக்கும்.

ஒரு ரிங்கிட் கட்டணத்தை ஐந்தாக்கினால் மருத்துவமனை முன்னேறாதா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

வெளிநோயாளிக்கு ஒரு ரிங்கிட், நிபுணரைப் பார்க்க ஐந்து. இதில் சேரும் பணம் மருத்துவமனைக் கையில் நிற்பதில்லை, கூட்டரசின் ஒருங்கிணைந்த நிதிக்குப் போய்விடும். இயக்குநர் அதை எடுத்து ஒரு மின்விசிறிகூட வாங்க முடியாது. கட்டண வசூல் அமைச்சின் செலவில் மிகச் சிறிய பங்கு. ஐந்து மடங்காக்கினாலும் சிறிய பங்குதான், அடிக்கடி வரும் முதியவருக்குத்தான் அடி.

தந்தைக்கு 62 வயது, ரஹ்மா உதவித் தொகை வாங்குகிறார். கண்புரை அறுவைக்கு லென்ஸ் நாங்களே வாங்க வேண்டும் என்கிறார்கள். அரசு மருத்துவமனை இலவசமில்லையா?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

கட்டணம் மிகக் குறைவு, ஆனால் உடலுக்குள் வைக்கும் பொருள் பலவற்றுக்கு நோயாளியே பணம் கட்ட வேண்டியிருக்கும். கண் லென்ஸ், இருதய ஸ்டென்ட், மூட்டு எல்லாம் அப்படி. உங்கள் தந்தை 40 வயதைத் தாண்டிய ரஹ்மா பெறுநர் என்பதால், குறைந்த வருமானக்காரர்களுக்கான 'பெக்கா பி40' என்ற அரசுச் சுகாதார உதவித் திட்டத்தில் வருவார். மருத்துவக் கருவிக்கு 20,000 ரிங்கிட் வரை அதில் உதவி உண்டு. திட்டத்தின் இணையப் பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டுத் தகுதியைச் சரிபாருங்கள். பிறகு திட்டத்தில் சேர்ந்த கிளினிக்கில் உடல் பரிசோதனையை முடித்துவிடுங்கள். முதல் முறை இரத்தமும் சிறுநீரும் எடுப்பார்கள், இரண்டாம் முறை முடிவைச் சொல்வார்கள். பலர் இரண்டாம் முறை போகாமல் விட்டுவிடுகிறார்கள், அது வேண்டாம். கருவிக்கான விண்ணப்பம் மருத்துவமனை வழியாகப் போகும், வார்டில் கேட்டால் சொல்வார்கள். ஒப்புதல் வருமுன் கடையில் பணம் கட்டி லென்ஸ் வாங்கிவிட்டு, ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கலாம் என்று நம்ப வேண்டாம்.