எத்தனை தாம்சன்கள்?

அன்புள்ள ஐயா,

இயற்பியல் பாடத்தில் தாம்சன் என்ற பெயர் அடிக்கடி வருகிறது. ஜூல்-தாம்சன் விளைவு, தாம்சன் அணு மாதிரி, எலக்ட்ரான் விளிம்பு விளைவைக் (அலைகள் தடைகளின் விளிம்பில் வளைந்து பரவுவதை) காட்டிய தாம்சன் ஆகியவை தாத்தா, மகன், பேரன் என ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைச் சாதனைகள் என்று ஓர் உரையில் கேட்டேன். இது சரியா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாதி சரி. மகனும் பேரனும் என்று தாங்கள் கேட்ட இருவரும் உண்மையிலேயே தந்தையும் மகனுமே; தாத்தா மட்டும் வேறு வீட்டுக்காரர்.

ஜூல்-தாம்சன் விளைவுக்கு, அதாவது நுண்துளை வழியே விரியும் வாயுவின் வெப்பநிலை மாறுவதற்கு, உரியவர் வில்லியம் தாம்சன். 1824இல் பெல்ஃபாஸ்டில் கணிதப் பேராசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்து, 22 வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியரானவர். அணு மாதிரிக்கு உரிய ஜே.ஜே. தாம்சன் 1856இல் மான்செஸ்டர் அருகே பிறந்தவர். அவருடைய தந்தை பழைய புத்தக வணிகர். இரு முறை மணந்தும் வில்லியத்துக்குப் பிள்ளைகள் இல்லை என்ற ஒரு செய்தியே தாத்தா கதையைத் தகர்க்கப் போதுமானது. இருவரும் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் நினைவுகொள்ளப்படுவதும், பாடநூல்கள் முதலெழுத்துகளை விட்டுவிட்டுத் 'தாம்சன்' என்று மட்டும் அச்சிடுவதும் இக்குழப்பத்தை வளர்த்திருக்கலாம்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. 1892இல் பிரபுப் பட்டம் பெற்றபோது, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயரை ஏற்று வில்லியம் தாம்சன் கெல்வின் பிரபு ஆனார். இயற்பியலாளர் ஜூலுடன் சேர்ந்து வாயுக்களை ஆராய்ந்தது அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பு என்பதால் அந்த விளைவில் பழைய பெயரே நின்றுவிட்டது. அவர் 1848இலேயே முன்மொழிந்த தனி வெப்பநிலை அளவுகோலின் அலகோ புதிய பெயரைப் பெற்றது. ஆகவே, தேர்வுத்தாளில் இரண்டு அறிஞர்களாகத் தோன்றும் தாம்சனும் கெல்வினும் ஒருவரே.

ஜே.ஜே. 1897இல் எலக்ட்ரானைத் துகளாக அடையாளம் கண்டார். அவர் மகன் ஜி.பி. தாம்சன் 1927இல் அபர்டீனில், மெல்லிய படலத்தின் வழியே எலக்ட்ரான்களைச் செலுத்தி, ஒளிப்படத் தகட்டில் வளையங்களாகப் பதியவைத்து எலக்ட்ரானின் அலைத்தன்மையைக் காட்டினார். தந்தை துகளுக்கும் மகன் அலைக்கும் நோபல் பரிசு பெற்றார்கள் என்று மேடைகளில் சொல்வது கேட்க அழகாக இருந்தாலும் முற்றிலும் துல்லியமானதன்று. தந்தையின் 1906ஆம் ஆண்டுப் பரிசு, வாயுக்களில் மின்சாரம் கடத்தப்படுவது குறித்த ஆய்வுகளுக்காக அறிவிக்கப்பட்டது. மகன் 1937இல் அமெரிக்க இயற்பியலாளர் டேவிசனுடன் பகிர்ந்துகொண்ட பரிசுதான் விளிம்பு விளைவுக்கு நேரடியாக உரியது.

வில்லியத்தின் உண்மையான உறவினர் ஒருவரும் இயற்பியலில் இருக்கிறார், உரையாளர் அவரை விட்டுவிட்டார் போலும். பொறியாளரான அண்ணன் ஜேம்ஸ் தாம்சனைச் சொல்கிறேன். அழுத்தம் கூடினால் பனிக்கட்டியின் உருகுநிலை குறையும் என்று 1849இல் கணக்கிட்டுச் சொன்னவர் அவர். அதைச் சோதனையால் உறுதிப்படுத்தியவர் தம்பி வில்லியம்.