ஈஸ்டருக்கும் இஷ்தாருக்கும் என்ன உறவு?

கே: ஈஸ்டர் என்பது பாபிலோனியத் தெய்வம் இஷ்தாரின் திருவிழா, முட்டையும் முயலும் அவளுடைய சின்னங்கள் என்று ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, உண்மையா?

ப: இல்லை. இஷ்தாரின் சின்னங்கள் சிங்கமும் எட்டு முனை நட்சத்திரமும். பெயர்ப் பொருத்தமும் வெறும் ஓசைதான்: இஷ்தார் பழைய மெசபடோமிய மொழியான அக்காடியத்தின் பெயர், ஈஸ்டரோ கிழக்கு, விடியல் என்று பொருள்படும் ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பரப்பியவர் ஸ்காட்லாந்துப் போதகர் அலெக்சாண்டர் ஹிஸ்லாப். கத்தோலிக்கச் சடங்குகள் எல்லாம் பாபிலோனிலிருந்து வந்தவை என்று நிறுவ 1858இல் ஒரு தடித்த நூலே போட்டார். கத்தோலிக்கர்களை அடிக்க ஒரு புராட்டஸ்டண்ட் எடுத்த கம்பு அது. இன்று மொத்தக் கிறிஸ்தவத்தின் மேலும் அதைச் சுழற்றுகிறார்கள்.

கே: அப்படியானால் ஈஸ்டர் என்ற பெயருக்கு மூலமாகச் சொல்லப்படும் ஈயோஸ்ட்ரே தேவதையும் கட்டுக்கதைதானா?

ப: அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. பீட் என்ற ஆங்கிலத் துறவி 725இல் எழுதிய காலக்கணிப்பு நூலில், ஏப்ரலுக்கு நிகரான மாதம் ஈயோஸ்ட்ரே என்ற தேவதையின் பெயரால் வழங்கியது, அம்மாதத்தில் அவளுக்கு விழா எடுத்தார்கள் என்கிறார். அவளைப் பற்றிய பழைய எழுத்துச் சான்று அவ்வளவுதான். முட்டை, முயல், கோயில் எதுவும் அதில் கிடையாது. 1835இல் ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் இதை வைத்து, ஜெர்மனியிலும் 'ஒஸ்தாரா' என்றொருத்தி இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். முயல் அவளுடைய விலங்காக இருக்கலாம் என்று 1874இல் இன்னொரு ஜெர்மன் அறிஞர் அடோல்ஃப் ஹோல்ட்ஸ்மன் சேர்த்தார். பின்னால் வந்தவர்கள் 'இருக்கலாம்' என்பதைக் கழற்றிவிட்டார்கள்.

பீடுக்குச் சாதகமாகவும் ஒன்று உண்டு. ஜெர்மனியின் மோர்க்கன்-ஹார்ஃபில் 1958இல், 'ஔஸ்திரியஹேனே' என்ற தாய்த்தெய்வங்களுக்கு ரோமானியர் காலத்தில் நேர்ந்து வைத்த 150க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் கிடைத்தன. பெயரின் வேர் ஒன்றாகத் தெரிகிறது. ஆனால் அது மாதத்தின் பெயருக்குத்தான் விளக்கம், பண்டிகைக்கு அல்ல. பஸ்காவை, அதாவது இந்தப் பண்டிகையை, எந்த நாளில் கொண்டாடுவது என்று இன்றைய துருக்கியிலுள்ள ஸ்மிர்னாவின் ஆயர் பாலிகார்ப் ரோமுக்கே போய் அங்கிருந்த ஆயர் அனிசேட்டஸோடு பேசியது 155 வாக்கில். ஆங்கிலேயர்கள் ஞானஸ்நானம் பெற அப்போது இன்னும் 400 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. கிரேக்கம், பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ், ரஷ்யன் மொழிகளில் இன்றும் இந்தப் பண்டிகைக்குப் பெயர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீண்டதை நினைவுகூரும் யூதர்களின் பஸ்காவிலிருந்து வந்ததுதான்.

கே: பிறகு முட்டையும் முயலும் எப்படி வந்தன?

ப: முட்டை நோன்பால் வந்தது. இடைக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் முழுக்க இறைச்சியோடு முட்டையும் விலக்கு. கோழிக்கு நோன்பு ஏது? வசந்தத்தில் அது கூடுதலாகவே இடும். சேர்ந்துபோன முட்டைகளை அவித்து, சாயமேற்றி, பண்டிகையன்று தின்றார்கள், பரிசாகவும் கொடுத்தார்கள். இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் 1290ஆம் ஆண்டு வீட்டுக் கணக்கில், அலங்கரித்துப் பரிசளிக்க வாங்கிய 450 முட்டைக்கு 18 பென்ஸ் என்று எழுதியிருக்கிறது. முட்டை கொண்டுவரும் முயல் மிகவும் பிந்தியது. 1682இல் ஜெர்மன் மருத்துவர் ஃபிராங்கெனாவ் அதைக் குழந்தைகளை நம்பவைக்கும் கதை என்கிறார். அவருடைய கவலையெல்லாம் முட்டையை அளவுமீறித் தின்பவர்களின் வயிற்றைப் பற்றித்தான்.

கே: பௌர்ணமி பார்த்துத் தேதி குறிப்பது சந்திர வழிபாட்டின் மிச்சம் இல்லையா?

ப: யூதப் பஸ்கா சந்திர மாதமான நிசானின் 14ஆம் நாளோடு கட்டப்பட்டது. பௌர்ணமி வந்த வழி அது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். பௌர்ணமியே ஞாயிறில் விழுந்தால் ஒரு வாரம் தள்ளும்: 2025இல் பௌர்ணமி ஏப்ரல் 13, ஞாயிறு, ஈஸ்டர் 20ஆம் தேதி.

நாள்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்து நீங்களே கணக்கிட்டால் சில ஆண்டுகள் உதைக்கும். திருச்சபை வானத்தைப் பார்ப்பதில்லை, தன் அட்டவணையைப் பார்க்கிறது. 2019இல் வானத்துப் பௌர்ணமி உலக நேரப்படி மார்ச் 21. அதன்படி மார்ச் 24 வர வேண்டும். அட்டவணையின் பௌர்ணமியோ ஏப்ரல் 18. ஈஸ்டர் ஏப்ரல் 21இல்தான் வந்தது. கிழக்கு மரபுத் திருச்சபைகளில் பெரும்பாலானவை பழைய ஜூலியன் நாள்காட்டிக் கணக்கை விடாததால் அவர்கள் தேதி அடிக்கடி வேறாக இருக்கும். 2024இல் மார்ச் 31க்கும் மே 5க்கும் இடையே ஐந்து வாரம்.