அப்பா விட்டுச்சென்ற எண்ணெய் உரிமை: கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: என் அப்பா 1980களில் டெக்சாஸ் மாநிலத்தின் ஒடெஸ்ஸாவில் டாக்டராக இருந்தார். அப்போது ரீவ்ஸ் கவுன்டியில் 160 ஏக்கர் தரிசு வாங்கினார். பின்னால் நிலத்தை விற்றபோது பாதி கனிம உரிமையை மட்டும் தன் பெயரில் நிறுத்திக்கொண்டாராம். எங்களுக்கே இது இப்போதுதான் தெரிகிறது. 2021இல் டாலஸில் தங்கை வீட்டில் காலமானார். உயில் இல்லை. அம்மா அதற்கு முன்பே தவறிவிட்டார். அண்ணன் நியூ ஜெர்சியில், தங்கை டாலஸில், நான் கோவையில். போன வாரம் மூவருக்கும் எண்ணெய்க் கம்பெனி சார்பில் ஒரே மாதிரி கடிதம் வந்தது. மூன்று ஆண்டுக் குத்தகை, வேண்டுமானால் இன்னும் இரண்டு ஆண்டு, கையெழுத்துக்கு ஏக்கருக்கு 2,000 டாலர் போனஸ், எடுக்கும் எண்ணெயின் விற்பனையில் 3/16 ராயல்டி, பத்து நாளில் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். சும்மா கிடந்ததற்கு இவ்வளவு கிடைக்கிறதே, போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். என்ன செய்யட்டும்?

பதில்: அண்ணனிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். அந்தப் பத்து நாள் கெடு எந்தச் சட்டத்திலும் இல்லை. மேற்கு டெக்சாஸில் பல ஆண்டுகள் கம்பெனிகளுக்காக இந்த மாதிரிக் கடிதங்களை அனுப்பும் லேண்ட்மேனாக இருந்தேன். இப்போது உரிமையாளர்கள் பக்கம் வேலை பார்க்கிறேன். பக்கத்துப் பங்குதாரரிடம் நீங்கள் விலை விசாரிப்பதற்குள் கையெழுத்து வந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் கெடு வைப்போம். பதினொன்றாம் நாள் போன் செய்வோம். அதற்காகப் பதிலே போடாமல் மாதக்கணக்கில் இருந்துவிடாதீர்கள். சுற்றியுள்ள பங்குகள் எல்லாம் கம்பெனி கைக்குப் போய்விட்டால் உங்கள் பங்குக்கான அவசரம் அவர்களுக்குக் குறைந்துவிடும்.

நம் ஊர்ப் பழைய கிரயப் பத்திரங்களில் 'நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம்' என்று அடுக்கி, நிலத்தோடு அதன் அடியில் உள்ளதையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். டெக்சாஸில் அந்த அடுக்கைப் பிரித்துத் தனித்தனியாக விற்கலாம், வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கு விடலாம். காவிரி டெல்டாவில் ஓ.என்.ஜி.சி. கிணறு போட்டால் வயல்காரருக்கு மேல்நிலத்துக்கான இழப்பீடுதான், எண்ணெயில் பங்கில்லை. டெக்சாஸில் நேர்மாறு. நிலம் இன்றைக்கு யார் பெயரில் இருந்தாலும், அடியில் உள்ளதில் பாதி உங்கள் குடும்பத்துடையது. உங்கள் அப்பா யோசித்துச் செய்த காரியம் இது. அதை மூன்று பக்கப் படிவத்தில் அவசரமாகக் கொடுத்துவிடாதீர்கள்.

பேரம் பேசும் முன் பத்திரம். ரீவ்ஸ் கவுன்டி கிளார்க் அலுவலகம் பேக்கோஸ் ஊரில் இருக்கிறது. அப்பா நிலத்தை விற்ற பத்திரத்தின் நகலை வாங்கி, அவர் நிறுத்திக்கொண்ட வரியை எழுத்தெண்ணிப் படியுங்கள். 'கனிமத்தில் பாதி' என்று இருக்கிறதா, 'ராயல்டியில் பாதி' என்று இருக்கிறதா? முதலாவது என்றால் குத்தகைக்கு விடும் உரிமையும் போனஸும் உங்களுக்கு உண்டு. இரண்டாவது என்றால் பெரும்பாலும் கிணற்று வருமானத்தில் பங்கு மட்டுமே. நில விவரத்தில் ஏதாவது ரயில் கம்பெனி பெயர் வந்தால் குழம்ப வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் தண்டவாளம் போட்டவர்களுக்கு டெக்சாஸ் நிலமாகக் கூலி கொடுத்தது. அந்த அளவைப் பெயர்கள் அப்படியே நிற்கின்றன. பழைய குத்தகை ஏதாவது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றும் வில்லங்கம் பார்க்க வேண்டும்.

உயில் இல்லாததால், அப்பாவுக்கு யார் யார் வாரிசு என்று குடும்பத்தை நன்கு அறிந்த, சொத்தில் பங்கில்லாத இரண்டு பேர் உறுதிமொழி கொடுத்து, அதை ரீவ்ஸ் கவுன்டியிலேயே பதிவு செய்வது வழக்கம். அங்கே கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய சொத்து பொதுவாக இருவருக்கும் பொது. அதனால் அம்மாவுக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பிறகு கம்பெனி ராயல்டியை நிறுத்திவைத்துவிடுகிறது. எல்லாம் சரியாக இருந்தால் 160இல் பாதி 80, அதில் மூன்றில் ஒன்று, அதாவது ஆளுக்கு 26.67 ஏக்கர் கனிமம்.

டெக்சாஸில் ஒவ்வொரு பங்குதாரரும் தன் பங்கைத் தனியாகக் குத்தகைக்கு விடலாம். அண்ணன் போடும் கையெழுத்து உங்களைக் கட்டாது. நீங்கள் போடாவிட்டாலும் மற்றவர்களின் குத்தகையை வைத்துக் கம்பெனி தோண்டலாம். அப்போது கிணற்றுச் செலவில் உங்கள் பங்கைக் கழித்தபின் மிஞ்சும் லாபம் உங்களுக்கு வர வேண்டும். ஆனால் செலவுக் கணக்கு அவர்கள் கையில் இருப்பதால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். மூன்று பேரும் சேர்ந்து 80 ஏக்கராக, ஒரே வக்கீல் வழியாகப் பேசினால் மரியாதை வேறு. மேற்கு டெக்சாஸ் எண்ணெய்க் குத்தகை பழகிய வக்கீலாக இருக்க வேண்டும். வீடு வாங்கியபோது பத்திரம் எழுதிக் கொடுத்தவர் போதாது.

இப்போது பணம். போனஸ் ஒரு முறை வருவது, ராயல்டி கிணறு ஓடும் வரை வருவது. நீங்கள் 1/4 ராயல்டி கேட்க, 'ராயல்டி 3/16இலேயே இருக்கட்டும், போனஸை ஏக்கருக்கு 500 ஏற்றித் தருகிறேன்' என்று லேண்ட்மேன் சொன்னால் உங்களுக்குக் கூடுதலாக 13,333 டாலர். கேட்க நன்றாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பக்கம் இப்போது இரண்டு மைல் நீளத்துக்குப் படுக்கைவாக்கில் தோண்டுகிறார்கள். ஒரு கிணற்றுக்கு 1,280 ஏக்கரை ஒரே யூனிட்டாகச் சேர்க்கிறார்கள் என்று வையுங்கள். 26.67ஐ 1,280ஆல் வகுத்து ராயல்டியால் பெருக்கினால் உங்கள் பங்கு: 1/4 என்றால் 0.0052, 3/16 என்றால் 0.0039. பீப்பாய் 65 டாலருக்கு விற்கிறது என்றால், கிணறு சுமார் 1,57,500 பீப்பாய் கொடுப்பதற்குள் இந்த வித்தியாசத்திலேயே அந்த 13,333 ஈடாகிவிடும். அந்தப் பகுதியில் ஒரு நல்ல கிணறு தன் ஆயுளில் அதைப்போல் சில மடங்கு தரும், அதோடு ஒரே யூனிட்டில் பல கிணறுகள் வரலாம். கிணறே வராவிட்டால் போனஸ்தான் மிச்சம் என்பதும் உண்மை. ஆனாலும் ரீவ்ஸ் மாதிரி இடத்தில் நான் ராயல்டி பக்கமே நிற்பேன். டெக்சாஸ் பல்கலைக்கழகங்களின் நிதிக்காக மேற்கு டெக்சாஸில் ஒதுக்கியுள்ள நிலங்களுக்கு 25% ராயல்டி வாங்குகிறார்கள். அதே 25%ஐ நீங்களும் கேளுங்கள். ஆகாத கோரிக்கை அல்ல.

போனஸ், ராயல்டி இரண்டையும் விட எனக்குக் கவலை தருவது குத்தகை எப்போது முடிகிறது என்பது. 'மூன்று ஆண்டு' என்று கடிதம் சொல்கிறது. படிவத்தில் அந்த வரியின் கடைசிவரை போங்கள்: 'மூன்று ஆண்டுகளும், அதன்பின் எண்ணெயோ எரிவாயுவோ உற்பத்தியாகும் வரையும்' என்று இருக்கும். அந்த 'வரையும்' நாற்பது ஆண்டாகலாம். ஒரு குடும்பத்துக்காக ஆவணம் தேடியபோது 1950களில் தாத்தா போட்ட குத்தகையைப் பார்த்தேன். ராயல்டி எட்டில் ஒன்று. செங்குத்தாகத் தோண்டிய ஒரே ஒரு பழைய கிணறு, ஒரு பம்ப் மெதுவாகத் தலையாட்டிக்கொண்டு, நாளைக்குச் சில பீப்பாய் எடுத்துக்கொண்டிருந்தது. அது போதும், மொத்த நிலமும், அடியில் எவ்வளவு ஆழம் உண்டோ அவ்வளவும், அந்தக் குத்தகையில் பிடிபட்டிருந்தது. புதிதாக வருகிறவர்கள் தேடும் வுல்ஃப்கேம்ப் பாறை அந்தப் பழைய கிணற்றுக்கும் வெகு கீழே. பேரப்பிள்ளைகளால் ஒரு ஏக்கரைக்கூடத் திரும்பக் குத்தகைக்கு விட முடியவில்லை. அந்தப் பத்திர நகலை வைத்துக்கொண்டு அவர்களுக்கு விளக்கிச் சொன்ன நாள் எனக்கு மறக்கவில்லை.

இதைத் தடுக்கத்தான் 'பியூ ஷரத்து' வந்தது. லூசியானா வக்கீல் ஒருவரின் பெயர் அது. ஆரம்பக் காலம் முடிந்ததும், கிணற்று யூனிட்டுக்குள் வராத நிலம் உங்களிடம் திரும்ப வேண்டும்; தோண்டிய அடுக்குக்குக் கீழே உள்ள ஆழமும் திரும்ப வேண்டும். இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும், நிலத்துக்கு மட்டும் எழுதினால் ஆழம் போய்விடும். இன்னொன்று, கிணற்றை மூடிவைத்து, ஏக்கருக்கு ஒரு டாலர் போல அற்பத் தொகை கட்டிக் குத்தகையை நீட்டும் ஷரத்து. மொத்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் அப்படி நீட்டக்கூடாது என்று வரம்பு போடுங்கள். அந்தக் கூடுதல் இரண்டு ஆண்டு நீட்டிப்பை அடித்துவிடுங்கள். விடமாட்டோம் என்றால், அப்போதும் இன்னொரு முழு போனஸ் என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்தது பிடித்தம். மாதச் செக்கோடு வரும் தாளில் விற்பனைத் தொகை ஒரு கட்டத்திலும், பக்கத்தில் சேகரிப்பு, அழுத்தம் ஏற்றுதல், சுத்திகரிப்பு, போக்குவரத்து என்று சின்னச் சின்னக் கழிவுகளும், கடைசியில் மெலிந்துபோன ஒரு தொகையும் இருக்கும். எரிவாயுவில் இந்தக் கழிவு நன்றாகவே கடிக்கும். குத்தகையில் 'எந்தச் செலவும் பிடிக்கக்கூடாது' என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்றுதான் தோன்றும். போதாது. 1996இல் ஹெரிட்டேஜ் ரிசோர்சஸ் வழக்கில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், ராயல்டியைக் கிணற்றடி விலையில் கணக்கிடுவதாக எழுதிவிட்டால் அதன்பின் சேர்த்த அந்த மாதிரி வரிக்குப் பலனில்லை என்று சொல்லிவிட்டது. கிணற்றடி விலை என்றாலே மேற்படிச் செலவுகளைக் கழித்த விலைதான் என்பது அதன் காரணம். ஆகவே 'கிணற்றடி' என்ற சொல்லே ராயல்டிப் பகுதியில் இருக்கக்கூடாது. சம்பந்தமில்லாத மூன்றாம் நபருக்கு விற்றுக் கிடைத்த மொத்தத் தொகையில் ராயல்டி என்று எழுதச் சொல்லுங்கள். வக்கீலுக்கு நீங்கள் கொடுக்கும் கட்டணம் இந்த ஒரு பத்தியிலேயே திரும்பி வந்துவிடும்.

படிவத்தின் தலையில் அநேகமாக 'புரொடியூசர்ஸ் 88' என்று அச்சாகியிருக்கும். இது எல்லாரும் போடும் ஸ்டாண்டர்டு படிவம்தான் என்பார்கள். அந்தப் பெயரில் ஆளுக்கொரு வாசகம் ஓடுகிறது. பெயருக்குப் பொருளே இல்லை. உரிமை சுத்தமாக இருக்கிறது என்று நீங்கள் உத்தரவாதம் தரும் வரியைப் பேனாவால் அடித்து ஓரத்தில் சுருக்கொப்பம் போடுங்கள். வாரிசாக வந்த சொத்துக்கு, உங்களுக்கு முன்னால் நூறு வருடம் நடந்ததற்கு நீங்கள் ஏன் பொறுப்பேற்க வேண்டும்? மாற்றங்களையெல்லாம் தனி இணைப்பில் எழுதி, முரண்பட்டால் இணைப்பே செல்லும் என்று முதல் வரியிலேயே போட வேண்டும். போனஸை 'டிராஃப்ட்' ஆகத் தருவார்கள். நம் ஊர் டிடி மாதிரி கட்டிவைத்த பணம் அல்ல இது. முப்பது வங்கி நாள் கழித்து, அவர்களுக்குச் சரிப்பட்டால் பணமாகும். அதுவரை கையெழுத்திட்ட குத்தகையை வக்கீலிடமே வைத்திருங்கள்.

எவ்வளவு அவசரமாக உங்கள் நிலம் அவர்களுக்குத் தேவை என்பதை நீங்களே பார்க்கலாம். டெக்சாஸில் எண்ணெய்க் கிணறுகளுக்கு அனுமதி தருவது ரயில்ரோடு கமிஷன். 1891இல் ரயிலுக்காக ஆரம்பித்தது, ரயில் போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. அதன் இணைய வரைபடம் இலவசம். பத்திரத்தின் நில விவரத்தில் உள்ள உங்கள் செக்‌ஷனைத் தேடுங்கள். பக்கத்தில் புது அனுமதி இருந்தால், அந்தக் கிணற்றுக்காக வரைபடத்தில் போட்ட கோட்டுக்கு நேராக உங்கள் பங்கு இருந்தால், அவர்கள் காத்திருப்பார்கள்.

வரி. போனஸ், ராயல்டி இரண்டும் சாதாரண வருமானம். ராயல்டியில், எண்ணெய் தீர்ந்துவருவதற்காக, 15% தேய்மானக் கழிவு உண்டு, போனஸுக்கு அது கிடையாது. நீங்கள் அமெரிக்காவில் வசிக்காதவர் என்பதால் 30% பிடித்துக்கொண்டே அனுப்புவார்கள். நிகர வருமானத்துக்கு வரி கட்டும் தெரிவைச் செய்து கணக்குத் தாக்கல் செய்தால் அதில் ஒரு பகுதி திரும்பலாம். வெளிநாட்டில் வசித்தவரிடமிருந்து வாரிசாக வந்த சொத்தை வைத்துக்கொள்ள இந்தியாவின் அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் 6(4) பிரிவு அனுமதிக்கிறது. இந்திய வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் மறக்காமல் காட்டுங்கள், விட்டால் அபராதம் கடுமை. 2021இல் அப்பா காலமான தேதியில் இந்த உரிமையின் மதிப்பு என்ன என்று ஒரு மதிப்பீடு வாங்கி வையுங்கள். பின்னால் விற்க நேர்ந்தால் அந்த மதிப்பிலிருந்துதான் லாபக் கணக்கு. அப்புறம், கையெழுத்துக்காக நீங்கள் டெக்சாஸ் போக வேண்டியதில்லை. சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நோட்டரி செய்யலாம், அல்லது இந்த ஒரு குத்தகைக்கு மட்டும் என்று தங்கைக்குப் பவர் எழுதி அதை ரீவ்ஸ் கவுன்டியில் பதிவு செய்யலாம். பொதுப் பவர் வேண்டாம்.

இந்த வாரம் அந்த லேண்ட்மேனுக்கு மூவர் பெயரிலும் ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள்: 'உங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி. நாங்கள் 80 ஏக்கரையும் சேர்த்தே பேசுகிறோம். எங்கள் வக்கீல் ஆவணங்களைப் பார்க்கிறார். கால் பங்கு ராயல்டி, செலவுப் பிடித்தம் இல்லை, மூன்று ஆண்டு முடிந்ததும் தோண்டாத நிலமும் ஆழமும் திரும்ப வேண்டும், உரிமை உத்தரவாதம் தர மாட்டோம். இந்த நான்குக்கும் சம்மதம் என்றால் போனஸ் பற்றிப் பேசலாம்.' இதை அனுப்பும் வரை அண்ணன் எதிலும் கையெழுத்துப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.