சொந்த உபயோகத்துக்கு லாரி வாங்கினால் பர்மிட்டும் ஹெவி லைசென்ஸும் வேண்டுமா?

"என் சொந்தச் சரக்கை ஏற்ற மட்டும் ஒரு பழைய ஆறு சக்கர லாரி வாங்கப் போகிறேன். வாடகைக்கு விடும் எண்ணம் இல்லை. கார் மாதிரி வெள்ளை போர்டில் பதிவு செய்துகொண்டு, என்னிடம் இருக்கும் கார் லைசென்ஸிலேயே ஓட்டலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியாது. இரண்டுமே முடியாது.

அநேகமாக விலை பேசி அட்வான்ஸும் கொடுத்திருப்பீர்கள். "சொந்த வண்டிக்கு யாருங்க பர்மிட் கேக்கப் போறாங்க" என்று புரோக்கர் சொல்லியிருப்பார். அது உங்களுக்கும் இனிப்பாக இருந்திருக்கும். 2013-ல் எங்கள் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம்.

எங்களுக்குச் செங்கல் சூளை. கல்லைக் கொண்டுபோய் இறக்க வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல்தான் அப்பா சொந்த லாரி வாங்கினார். அவர் விவரம் இல்லாதவர் அல்ல. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மில்லின் சொந்த லாரியை ஓட்டியவர். அந்த வண்டியின் நெற்றியில் 'பிரைவேட் கேரியர்' என்று எழுதியிருக்கும். மற்ற லாரிகளில் 'பப்ளிக் கேரியர்'. 1939-ம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்படி இரண்டு வகை உண்டு. சொந்தச் சரக்கு ஏற்றுகிறவருக்கு ஒரு பர்மிட், வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு வேறொரு பர்மிட். 1988-ல் போட்ட புதுச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தபோது அந்தப் பிரிவினையே போய்விட்டது. சரக்கு ஏற்றுவதற்காகச் செய்த வண்டி என்றால் அது சரக்கு வாகனம், அவ்வளவுதான். உள்ளே இருப்பது உங்கள் கல்லா, ஊரார் கல்லா என்ற கேள்வியே அதில் இல்லை. சொந்தச் சரக்குதானே என்று இன்னும் பலர் சொல்வதற்கு வேர் அந்தப் பழைய சட்டத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தக் காலத்திலும் பர்மிட் இல்லாமல் ஓடவில்லை. மில் ஆபீஸ் எடுத்து வைத்திருந்தது, அப்பா ஸ்டியரிங்கை மட்டும் பார்த்தார்.

ஒரு பங்குனி மாதம். சூளை முழுவீச்சில் ஓடும் நேரம். மூவாயிரம் கல்லை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஓட்டியது நான், பக்கத்தில் அப்பா. பிரேக் இன்ஸ்பெக்டர் கை காட்டினார். ஆர்சி புக்கில் விற்றவர் பெயர். பர்மிட்டும் அவர் பெயரிலேயே. எஃப்சி, அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்ற சான்று, முடிந்து இரண்டு மாதம். என் சட்டைப் பையில் இருந்தது கார் லைசென்ஸ்.

அப்பா இறங்கிப் போய், "வாடகை வண்டி இல்லைங்க, நம்ம சொந்த வண்டி, சொந்தக் கல்லு" என்றார். அந்த அதிகாரி கோபப்படவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெரியவரே, சரக்கு யாருதுன்னு நான் கேக்கலீங்க. வண்டி என்ன வண்டின்னுதான் கேக்குறேன்" என்றார். பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த வாக்கியம் எனக்கு மறக்கவில்லை. உங்கள் கேள்விக்கான பதில் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

வண்டி 23 நாள் நின்றது. அபராதத்தைக்கூடத் தாங்கிக்கொண்டோம். வெந்த கல் சூளையில் அடுக்கியபடி கிடக்க, கேட்டவர்கள் வேறு சூளைக்குப் போனதுதான் அடி. இதற்கு நான் எந்த அலுவலகத்தையும் குறை சொல்லவில்லை. தப்பு எங்களுடையது.

இப்போது உங்கள் விஷயம். லாரி மஞ்சள் போர்டுதான். எஃப்சி கட்டாயம். வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம். தமிழ்நாட்டில் காலாண்டு வரி கட்ட வேண்டும். பர்மிட் வேண்டும். மொத்த எடை, அதாவது வண்டியும் சரக்கும் சேர்ந்து 3,000 கிலோவுக்குள் இருக்கிற குட்டியானை மாதிரி வண்டிகளுக்கு மட்டும்தான் பர்மிட் விலக்கு. அவற்றுக்கும் மஞ்சள் போர்டும் எஃப்சியும் உண்டு. வெளி மாநிலம் போக நேஷனல் பர்மிட் எடுக்கும் யோசனை இருந்தால் வண்டியின் வயதைப் பாருங்கள். ஆறு சக்கர வண்டிக்கு 12 வயது தாண்டினால் அது கிடைக்காது.

லைசென்ஸ் என்று வந்ததும், "2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கார் லைசென்ஸே போதும் என்று சொல்லிவிட்டதே" என்று யாராவது கீழே எழுதுவார்கள். ஐந்து நீதிபதிகள் அமர்ந்து சொன்ன தீர்ப்பு அது, உண்மைதான். ஆனால் அது மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டிகளுக்கு. மொத்த எடை 12,000 கிலோவைத் தாண்டினாலே கனரகம், நீங்கள் கேட்கும் ஆறு சக்கர லாரி பொதுவாக அதற்கெல்லாம் மேலே. ஹெவி எடுக்க கார் லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும், 20 வயது முடிந்திருக்க வேண்டும், டிரைவிங் ஸ்கூல் சான்றும் மருத்துவச் சான்றும் வேண்டும். எடுத்தால் ஐந்து வருடம் செல்லும். முன்பு மூன்று வருடமாக இருந்தது.

லைசென்ஸ் பேச்சு வந்தாலே எனக்கு ஒரு ஆத்திரம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சூளையில் ஒரு அண்ணன் இருந்தார். க்ளீனராக வந்தவர். மழையில் குழைந்த களத்துக்குள் லோடு வண்டியை ரிவர்ஸில் கொண்டுவந்து, காயவைத்த பச்சைக்கல் ஒன்றுகூட உதிராமல் நிறுத்துவார். எங்கள் பக்கத்தில் அவர் அளவுக்கு வண்டியைத் தெரிந்தவரை நான் பார்த்ததில்லை. ஆனால் படித்தது ஐந்தாம் வகுப்பு. லாரி லைசென்ஸ் எடுக்க எட்டாம் வகுப்பு பாஸ் ஆகியிருக்க வேண்டும் என்று அப்போது விதி. களத்துக்கு வெளியே ரோட்டில் ஒருநாளும் அவர் முறையாக ஓட்ட முடியவில்லை. 2019-ல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். "இப்ப கண்ணு சரியாத் தெரியறதில்லீங்க தம்பி" என்றார். புரை. படிப்பறிவு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை, ரோட்டில் இருக்கும் பலகையை வாசிக்கத் தெரிய வேண்டும்தான். அதை வாசிக்க வைத்துச் சோதித்திருக்கலாமே? அவரை வெளியே நிறுத்தியது ஒரு பள்ளிச் சான்றிதழ்.

சரி, பெயர் மாற்றம். இதில்தான் பழைய வண்டி வாங்குகிறவர்கள் மாட்டுகிறார்கள். படிவம் 29, 30 இரண்டிலும் விற்றவரின் கையெழுத்தைப் பணம் முழுதாகக் கைமாறும் முன்பே வாங்குங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்டிஓ ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டி மேல் கடன் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனி கையெழுத்திட்ட படிவம் 35 இல்லாமல் ஒன்றும் நகராது. வேறு மாநில வண்டி என்றால் அங்கிருந்து என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, வேண்டும். ஆர்சி மாறினால் பர்மிட் தானாக மாறிவிடும் என்று நினைக்காதீர்கள், அதற்குத் தனி விண்ணப்பம். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பர்மிட் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை உரிமையாளரிடமே வசூலித்துக்கொள்ளலாம் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாநிலக் கட்டணங்களும் வரியும் அடிக்கடி மாறுகின்றன என்பதால் இங்கே ரூபாய்க் கணக்கு எழுதவில்லை.

எங்களுக்குப் பெயர் மாற்றத்தில் மூன்று முறை நடக்க வேண்டிவந்தது, காரணம் ஒரே ஒரு எண். படிவத்தில் சேஸ் நம்பரைப் பென்சிலில் தேய்த்து எடுத்து ஒட்ட வேண்டும். முன் சக்கரத்துப் பக்கம் ஃபிரேமில் அடித்திருப்பார்கள். நான் மட்கார்டுக்கு அடியில் படுத்து, கிரீஸும் மண்ணும் கட்டிப்போயிருந்ததை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். அடியில் எவரோ பெயின்ட் அடித்திருந்தார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தாளை ஒட்டிப் பென்சிலை ஓட்டினால் எல்லா எழுத்தும் வருகிறது, கடைசிக்கு முந்தையது மட்டும் துரு தின்று 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. தாளை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை வண்டியையே கொண்டுபோய் நிறுத்தி, அதிகாரி டார்ச் அடித்துக் குனிந்து பார்த்து 8 என்று உறுதி செய்தார். வாங்கிய அன்றே பார்த்திருந்தால் விற்றவரையே சரிசெய்யச் சொல்லியிருப்போம்.

அதனால் மீதிப் பணத்தோடு போகும்போது ஒரு பென்சில், வெள்ளைத் தாள், கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு உப்புத்தாள் எடுத்துப் போங்கள். நீங்களே தேய்த்து எடுத்து, ஆர்சியில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். ஒன்று தெளிவில்லை என்றாலும் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள்.