உயர் இரத்த அழுத்தம் உள்ளவருக்கு நரம்பு மண்டலம் அதிகம் தூண்டப்பட்டால் பக்கவாதம் வருவது ஏன்?

"கோபம், பதற்றத்தில் பிபி ஏறும், சரி. அதற்கும் பக்கவாதத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் இயங்கும் பரிவு நரம்பு மண்டலம்தான் இதில் முக்கியம். அது தூண்டப்பட்டால் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் சுரந்து இரத்தக் குழாய்கள் சுருங்கும், இதயம் வேகமாகத் துடிக்கும். சிறுநீரகமும் ரெனின் என்ற நொதியைச் சுரந்து, உப்பையும் நீரையும் உடலில் தேக்க வழிசெய்யும். மற்றவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். உயர் அழுத்தம் உள்ள பலருக்கு ஓய்விலும் இந்த நரம்புகள் அடங்குவதில்லை. தூக்கத்தில் மூச்சு தடைபடுபவர்களுக்கு இரவிலும் இதே கதைதான்.

மூளையில் நடப்பதுதான் கவலைக்குரியது. அதன் ஆழமான பகுதிகளுக்கு இரத்தம் தருபவை, பெரிய தமனியிலிருந்து நேராகக் கிளைக்கும், ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய குழாய்கள். பெரிய தமனியின் அழுத்தம் அதிகம் தணியாமலேயே அவற்றில் மோதுகிறது. வருடக்கணக்கில் அடிவாங்கிய சுவர் தடித்து உள்வழி அடைபடலாம். அல்லது நலிந்துபோய், அழுத்தம் திடீரென எகிறும்போது வெடிக்கலாம். இரண்டுமே பக்கவாதம்தான்.

விழித்தெழும்போது இந்த நரம்புகள் வேகமெடுக்கும். காலை 6 மணி முதல் நண்பகல் வரை பக்கவாதம் அதிகம் வர இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், தயவுசெய்து பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த நரம்புத் தூண்டலை அடக்கும் குளோனிடின், பீட்டா பிளாக்கர் போன்ற மாத்திரைகளைச் சட்டென நிறுத்தினால், அடங்கியிருந்த தூண்டல் முன்பைவிட வேகமாகத் திரும்பக்கூடும்.