ரத்தத்தில் ஊறியதை நடந்து மாற்ற முடியுமா?

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் 44 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதத்தின் சாரம் இது:

"என் அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் சர்க்கரை நோய். அண்ணனுக்கு 40 வயதிலேயே வந்துவிட்டது. போன மாதம் பலதுறை மருந்தகத்தில் எனக்கும் எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். மாத்திரை கொடுக்கவில்லை, உடற்பயிற்சி செய்யச் சொன்னார்கள். ஜிம்மில் பயிற்சியாளர், 'உடற்பயிற்சி உங்கள் மரபணுவையே மாற்றிவிடும்' என்கிறார். எச்சில் மாதிரி அனுப்பி ஒரு மரபணுச் சோதனையும் செய்துகொள்ளச் சொல்கிறார். அம்மாவோ, 'ரத்தத்துல ஊறினது, நடந்தா போயிடுமா?' என்கிறார். யார் சொல்வது சரி? எனக்கு ஷிஃப்ட் வேலை. இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்வேன், அப்புறம் மூன்று வாரம் விட்டுப்போகும். ஒவ்வொரு முறையும் பூஜ்ஜியத்திலிருந்துதான் தொடங்குகிறேனா?"

அம்மா சொல்லும் காரணம் சரி, முடிவு தவறு. பயிற்சியாளரின் முடிவு சரி, காரணம் தவறு. பெற்றோரிடமிருந்து வந்த மரபணு எழுத்துகளில் ஒன்றைக்கூட உடற்பயிற்சி மாற்றாது. அது மாற்றுவது, எந்த மரபணு எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பதை.

உங்கள் வீட்டில் பாம் ஷெல்டர், அதாவது வெடிகுண்டுப் பாதுகாப்பறை, இருந்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள். கனத்த இரும்புக் கதவு, உள்ளே பெட்டி மேல் பெட்டி, எல்லாவற்றுக்கும் பின்னால் மாவாட்டும் கிரைண்டர். கிரைண்டர் வீட்டில்தான் இருக்கிறது, பழுதும் இல்லை. ஆனால் முன்னால் அரிசி மூட்டை, பழைய மின்விசிறி, தீபாவளி விளக்குப் பெட்டி எல்லாம் அடைத்துக்கொண்டிருக்கும்போது யார் அதை எடுத்து மாவாட்டுவார்கள்? நம் உடலின் ஒவ்வொரு அணுக்கருவிலும் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் இப்படித்தான் இருக்கின்றன. இரண்டு மீட்டர் நீள டிஎன்ஏ இழை, ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றிச் சுற்றி அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. இறுக்கமாகச் சுற்றிய இடத்தில் இருக்கும் மரபணுவைச் செல்லால் எளிதில் படிக்க முடியாது. இழையின் மீது ஆங்காங்கே மெத்தில் என்ற சிறு வேதிக்குறிகளும் ஒட்டியிருக்கும். மரபணுவின் வாசலில் அவை அதிகமாக இருந்தால், பெரும்பாலும் அந்த மரபணு அடங்கிக் கிடக்கும். எழுத்து மாறாமல் பயன்பாட்டை மட்டும் மாற்றும் இந்த ஏற்பாட்டைத்தான் எபிஜெனடிக்ஸ் என்கிறோம்.

சரி, நீங்கள் வேகமாக நடக்கும்போது தொடைத் தசையில் என்ன நடக்கிறது? தசை சுருங்க வேண்டுமானால் செல்லுக்குள் கால்சியம் வெளிப்பட வேண்டும். ஒவ்வொரு எட்டுக்கும் அது வெளிவந்து உள்ளே போகிறது. கூடவே எரிபொருள் குறைகிறது, அதை ஏஎம்பிகே என்ற நொதி உணர்ந்துகொள்கிறது. கால்சியமும் இந்த நொதியும் கொடுக்கும் தகவல் அணுக்கருவுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே ஹிஸ்டோன் சுருளை இறுக்கிப் பிடித்திருக்கும் எச்டாக் என்ற புரதங்களில் ஒரு பகுதி அணுக்கருவை விட்டு வெளியேறுகிறது. ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்தவர்களின் தசையில் இதை நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். பிடி தளர்ந்ததும் திறக்கும் மரபணுக்களில் ஒன்று குளூட்-4. ரத்தத்திலிருந்து சர்க்கரையைத் தசைக்குள் விடும் கதவை உருவாக்குவது அதுதான். உங்கள் விஷயத்தில் இதுதான் முக்கியம். இன்சுலின் தூண்டுதலால் ரத்தத்திலிருந்து இறங்கும் சர்க்கரையில் 80 விழுக்காடு வரை எலும்புத் தசைதான் வாங்கிக்கொள்கிறது. சர்க்கரை நோய் என்றதும் எல்லாரும் கணையத்தைப் பற்றியே பேசுகிறார்கள். சர்க்கரையை வாங்கிக்கொள்ள வேண்டிய தசையைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எச்சில் சோதனைக்கான பதில் அதில் இருக்கிறது. தொடையின் வெளிப்பக்கத்தை மரத்துப்போகச் செய்து, தோலில் ஒரு சிறு கீறல் போடுவார்கள். அதன் வழியாகப் பேனா தடிமனுள்ள குழாய் ஊசியைத் தசைக்குள் செலுத்தி, ஒரு சில அரிசி மணி அளவுக்குச் சதையை எடுப்பார்கள். பயிற்சி முடித்த கையோடு எடுத்து, நொடிகளில் திரவ நைட்ரஜனில் உறையவைக்க வேண்டும். தாமதித்தால் தசையின் அந்த நேரத்து நிலை மாறிவிடும். அப்புறம் சில மணி நேரம் கழித்து மறுபடியும் ஊசி. இதற்கெல்லாம் ஒப்புக்கொண்டு காலை நீட்டிய தன்னார்வலர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு இந்த வகைதான். உடற்பயிற்சிப் பழக்கமில்லாத இளம் ஆண்களும் பெண்களும் ஒரே ஒருமுறை கடுமையாகச் சைக்கிள் மிதித்தார்கள். தசையில் சக்தி உற்பத்தியை முடுக்கிவிடும் பிஜிசி-1ஆல்ஃபா உள்ளிட்ட சில மரபணுக்களின் வாசலில் மெத்தில் குறிகள் அந்த ஒரு தடவையிலேயே குறைந்துவிட்டன. அதே அளவு கலோரி எரியும்வரை மெதுவாக மிதித்தபோது அவ்வளவு மாற்றம் இல்லை, வேகமாக மிதித்தபோதுதான் தெளிவாகத் தெரிந்தது. வேகத்துக்கென்று தனி மதிப்பு இருக்கிறது என்பதை மனத்தில் வையுங்கள், பின்னால் உதவும்.

அதே ஆய்வில் எலியின் தசைச் செல்களைக் காஃபினில் வைத்தபோதும் இதுபோன்ற மாற்றம் தெரிந்தது. காஃபின் தசைச் செல்லுக்குள் கால்சியத்தை வெளிவிடச் செய்யும், அதனால்தான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் தசை மீது நேரடியாகப் பட்ட அளவு, நாம் குடிக்கும் கோப்பியில் கிடைக்காது. பாலும் சர்க்கரையும் போடாத கோப்பி ஓ கோசோங் குடித்தால் நடக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது எச்சில் சோதனை. டிஎன்ஏ எழுத்து எல்லாச் செல்லிலும் ஒன்றுதான், எபிஜெனடிக் குறிகள் அப்படியில்லை. ஒவ்வொரு திசுவுக்கும் தனி அமைப்பு. எச்சிலில் கிடைப்பவை வாயின் உட்புறச் செல்களும் வெள்ளை அணுக்களும். தொடைத் தசையில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதை அவற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. எழுத்தை மட்டும் படிக்கும் சோதனை என்றால், நீங்கள் ஒரு வருடம் பயிற்சி செய்துவிட்டு மறுபடி கொடுத்தாலும் அதே விடைதான் வரும். உங்கள் குடும்ப வரலாறு ஏற்கெனவே உங்களுக்குத் தெரியும். அந்தப் பணத்தில் நல்ல நடைக் காலணி ஒரு ஜோடி வாங்குங்கள்.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஹெரிடேஜ் குடும்ப ஆய்வில் உடலுழைப்பில்லாத குடும்பங்களுக்கு 20 வாரம் ஒரே மாதிரிப் பயிற்சி கொடுத்தார்கள். மூச்சுத்திறன் சிலருக்கு மிகவும் கூடியது, சிலருக்குக் கூடவே இல்லை என்று சொல்லுமளவுக்குத்தான். அந்த வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி, குடும்பத்தோடு சேர்ந்து ஓடியது. ஆகவே உங்கள் தோழிக்கு ஒரு மாதத்தில் தெரியும் பலன் உங்களுக்கு மெதுவாக வரலாம்.

அம்மாவிடம் சொல்ல ஓர் ஆய்வு இருக்கிறது, அதுவும் சென்னையில் நடந்தது. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உங்களைப்போல் எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரைச் சேர்த்தார்கள். நடை, உணவு மாற்றம் என்று இருந்தவர்களுக்கு, ஒன்றும் செய்யாதவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் அபாயம் மூன்று ஆண்டுகளில் 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 26.4 விழுக்காடு. இதில் எனக்குப் பிடித்த விஷயம், இவர்களின் உடல் எடை பெரிதாகக் குறையவே இல்லை. தராசு அசையாவிட்டாலும் உள்ளே ஏதோ மாறியிருக்கிறது. எடை இறங்கவில்லை என்று மனம் வெறுத்து விட்டுவிடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள்.

இனி, விட்டு விட்டுச் செய்வது பற்றிய உங்கள் கேள்வி. ஒரு தடவை பயிற்சி செய்தால் பிஜிசி-1ஆல்ஃபாவின் செயல்பாடு சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், மறுநாளுக்குள் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்ப்பது ஒரு நாளிலிருந்து மூன்று நாள்வரை நீடிக்கும். கிரைண்டரை வெளியே எடுத்து ஒரு முறை மாவாட்டிவிட்டுத் திரும்பவும் உள்ளே தள்ளி, முன்னால் பெட்டிகளை அடுக்குவது மாதிரி. இரண்டு நாளைக்கு ஒரு தடவை மாவாட்டும் வீட்டில் கிரைண்டர் அடுப்படியிலேயே இருக்கும் இல்லையா, தசையிலும் அதே கதைதான். நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள்கூடப் பத்து நாள் நிறுத்தினால் தசையில் குளூட்-4 குறைகிறது. அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். உங்கள் மூன்று வார இடைவெளி சர்க்கரைக் கணக்கில் கட்டாயம் இழப்புதான்.

ஆனால் பூஜ்ஜியமா என்றால், இல்லை. 2018இல் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வு ஒன்றில் எட்டு ஆண்கள் ஏழு வாரம் எடை தூக்கினார்கள், ஏழு வாரம் முழுதாக விட்டார்கள், பிறகு ஏழு வாரம் மறுபடி தூக்கினார்கள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மெத்தில் குறிகளைப் பார்த்தார்கள். முதல் பயிற்சியில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் இடங்களில் குறி குறைந்திருந்தது. இடைவெளியில் தசை சுருங்கிப் பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட பிறகும், குறைந்த குறிகள் பெருமளவு அப்படியே இருந்தன. இரண்டாம் சுற்றில் அந்த எண்ணிக்கை பதினெட்டாயிரத்தைத் தாண்டியது, தசையும் முதல் தடவையைவிட நன்றாக வளர்ந்தது. தசைக்கு ஞாபகம் இருக்கிறது என்று பயில்வான்கள் சொல்லிவந்ததற்கு அணுக்கருவிலேயே தடயம் கிடைத்தது.

இங்கே ஒன்றை மறைக்கக்கூடாது. கரோலின்ஸ்கா குழு 23 பேரை மூன்று மாதம் ஒற்றைக் காலை மட்டும் முழங்காலிலிருந்து நீட்டி மடக்கும் பயிற்சி செய்யவைத்தது. ஒரே உடல், ஒரே சாப்பாடு, ஒரே தூக்கம். பயிற்சி செய்த காலில் ஏறத்தாழ ஐயாயிரம் இடங்களில் மெத்தில் குறிகள் மாறியிருந்தன. ஆனால் ஒன்பது மாதம் கழித்து அவர்களில் சிலரை அழைத்து இரண்டு கால்களையும் பயிற்சி செய்யவைத்தபோது, பழகிய காலுக்கும் பழகாத காலுக்கும் மரபணுச் செயல்பாட்டில் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. அதாவது, இந்த இரண்டு ஆய்வுகளையும் வைத்துப் பார்த்தால் நினைவுத் தடயம் எடைப் பயிற்சியில்தான் தெரிகிறது. இடைவெளி தவிர்க்க முடியாத உங்களைப் போன்றவர்களுக்கு எடைப் பயிற்சி கட்டாயம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்? சிங்கப்பூரின் வழிகாட்டி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் கேட்கிறது. ஷிஃப்ட் வேலையில் இதைக் கிழமை வைத்துத் திட்டமிட்டால் நடக்காது. சாப்பாட்டை வைத்துத் திட்டமிடுங்கள். எந்த ஷிஃப்டாக இருந்தாலும் நீங்கள் சாப்பிட்டாக வேண்டும், பெரிய சாப்பாடு முடிந்ததும் 15 நிமிடம் நடந்துவிடுங்கள். சுருங்கும் தசை இன்சுலினுக்காகக் காத்திருக்காமலே சர்க்கரையை உள்ளே இழுக்கும், அதற்கு எந்த மரபணுவும் புதிதாகத் திறக்கக்கூட வேண்டாம். மழை பெய்தால் புளோக்கின் கீழ்த்தளத்தில் திறந்து கிடக்கும் வாய்ட் டெக்கைச் சுற்றி வாருங்கள், புளோக்கிலிருந்து புளோக்குக்குக் கூரையிட்ட நடைபாதை இருக்கவே இருக்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நடையில் வேகத்தைக் கலந்துகொள்ளுங்கள்: ஈசூன் குளத்தைச் சுற்றும்போது ஒரு நிமிடம் பேச முடியாத அளவுக்கு வேகம், இரண்டு நிமிடம் சாதாரணம், இப்படி ஆறு தடவை. முடியாத நாளில் மின்தூக்கியில் நான்கு மாடிக்கு முன்பே இறங்கி மீதியைப் படியில் ஏறுங்கள்.

எடைப் பயிற்சிக்கு ஜிம்மே போதும், ஆனால் மூன்று வாரம் ஜிம் பக்கம் போக முடியாத காலத்துக்கு வீட்டில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேசை நாற்காலியில் கையூன்றாமல் மெதுவாக உட்கார்ந்து எழுவது, பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று. சுலபமாகிவிட்டால் ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். கடைசி இரண்டு மூன்று தடவை சிரமமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தசைக்குத் தகவல் போகாது. பக்கத்தில் அம்மாவையும் கையூன்றி எழுந்து உட்காரச் சொல்லுங்கள். கனடாவில் 65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் இரண்டு தடவை, ஆறு மாதம் எடைப் பயிற்சி செய்ததில், வயதால் மாறிப்போன மரபணுச் செயல்பாட்டில் பெரும்பகுதி இளையவர்களின் திசையில் திரும்பியிருந்தது. ஆனால் அண்ணன் இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால், உங்களோடு சேர்ந்து தொடங்குமுன் மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளட்டும். நடக்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ளச் சட்டைப் பையில் மிட்டாய் இருக்கட்டும். யாருக்காவது நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

எச்பிஏ1சி பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. அதனால் அடுத்த பரிசோதனையை, தொடங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து வையுங்கள். நாள்காட்டியில் பயிற்சி செய்த நாள்களில் ஒரு புள்ளி வைத்துவாருங்கள். விடை வந்ததும் அந்த எண்ணையும் புள்ளிகளின் எண்ணிக்கையையும் எனக்கு எழுதுங்கள், இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.